அரிய கோளும் நேரிய காட்சியும்

அரியதைக் காண விழைதல் மக்கட்கு இயல்பு. யாவரும் காணும் பொருளைக் கண்டவனை உலகம் ஏறிட்டும் பாராது. எவரும் காணாத ஒன்றைக் கண்டேன் என்பவனையோ சூழ்ந்து நின்று வினவும். ஆகவே, அரியதைக் காணும் ஆசையினும், கண்டேன் என்று உரைக்கும் ஆசை வலியது. பின்னது முன்னதை எவ்வாறு கெடுக்கிறது, கெடாமற் காக்கும் வழி யாது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் மாலை வேளைகளில் நம்மோடு உரையாடும் இளைஞர் சிலர், கணிப்பொறி விளையாட்டொன்றைப் பற்றிக் கூறினர். ‘நோ மேன்ஸ் ஸ்கை’ என்பது அதன் பெயர். 2016ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆடுவோர் விண்கலம் ஏறி, எண்ணி முடியாத கோள்களிடையே உலவலாம். 2025 ஜனவரியில் அதில் வாயுப் பெருங்கோள்கள் சேர்க்கப்பட்டன. ஊதா நிற விண்மீன்களை நாடிச் சென்றாலன்றி அவை கிடையா. அங்குச் செல்லக் கலத்திற்குத் தனி உறுப்பொன்றும் வேண்டும். முதலிற் கண்டவர் தாம் விரும்பிய பெயரை இடலாம். இதற்காக இரவெல்லாம் விழித்திருப்போர் உளர். “மெய் வானத்தில் தேடும் அறிஞர் செய்வதும் இதுதானே? இரண்டிற்கும் வேற்றுமை யாது?” என்பது அவர்கள் வினா.

விளையாட்டை நாம் பழிக்கவில்லை. உழைத்துக் களைத்தவனுக்குப் பொழுதுபோக்கு வேண்டும். ஆயினும் வேற்றுமை ஒன்று உண்டு, அது பெரிது. விளையாட்டிலுள்ள கோள், ஒருவர் வகுத்த விதிப்படி அங்கு அமைந்தது. திரையில் அது தோன்றினால் அது உண்டு. கண்டவன் பிழைபடுதல் இல்லை. மெய் வானத்திலோ எவரும் நமக்காக எதனையும் வைத்திலர். அங்கே இல்லாததையும் உள்ளதாகக் காணுதல் கூடும். ஆகலின் விளையாட்டில் தேடுவோனுக்குப் பொறுமை ஒன்றே போதும்; வானில் தேடுவோனுக்கு ஒழுக்கமும் வேண்டும்.

அது எத்தகைய ஒழுக்கம் என்பதை அறிய, தேடும் முறையைச் சிறிது நோக்குவோம். வேறொரு கதிரவனைச் சுற்றும் கோள் பெரும்பாலும் தன்னொளியால் நமக்குத் தோன்றுவதன்று. தன் விண்மீனின் பேரொளியில் அது மறைந்து நிற்கும். எனினும் பெருங்கோள் சுற்றும்போது விண்மீனும் சிறிது அசையும். நம் வியாழன் 318 பூமிகளின் நிறை உடையது; அது நம் கதிரவனை அசைக்கும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 12 மீட்டர்; ஒரு சுற்று முடியப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். இத்தகைய சிற்றசைவைத்தான் விண்மீனின் ஒளியில் தேட வேண்டும். தேடுவோன் நிற்கும் இடமோ அசையாத இடமன்று. பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அஃதாவது, காண வேண்டிய அசைவைப் போல் 2,500 மடங்கு அசைவு காண்பவனிடமே உள்ளது! தன் அசைவைச் சரிவரக் கணித்துக் கழிக்காதவன், அதனையே விண்மீனின் மேல் ஏற்றிக் கூறுவான்.

இம்முயற்சியின் முதற்படிகளுள் ஒன்று நம் தமிழகத்திலேயே நிகழ்ந்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792இல் வானாய்வகம் ஒன்றை நிறுவினர். அதன் கற்றூண் இன்றும் அங்குள்ள வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. அவ்வாய்வகத்தின் தலைவராயிருந்த காப்டன் ஜேக்கப் என்பார், 1855ஆம் ஆண்டில் ‘70 ஆபியூக்கி’ என்னும் இரட்டை விண்மீனைப் பற்றி எழுதினார். அதன் இரு மீன்களும் கணக்கிட்ட பாதையில் செல்லவில்லை. கண்ணுக்குத் தோன்றாத கோள் ஒன்று அவற்றை ஈர்க்கிறது போலும் என்பது அவர் கருத்து. விண்மீனை அவ்வாறு அசைக்க வல்லது சிறு கோளாய் இருத்தல் இயலாது. எனின், பெருங்கோள் ஒன்று சென்னையிலிருந்து கண்டறியப்பட்டதா? இல்லை. அக்கோள் பின்னர் மெய்ப்படவில்லை. எனினும் அவர் பயன்படுத்திய சொல்லை நோக்குக. ‘உண்டு’ என அவர் அறுதியிட்டிலர். ‘இருத்தல் பெரிதும் கூடும்’ என்ற அளவிலேயே நின்றார். கண்டது எவ்வளவோ அவ்வளவே உரைத்தார்.

1896இல் அமெரிக்கராகிய தாமஸ் சீ என்பார், அதே விண்மீனுக்குக் கட்புலனாகாத துணை ஒன்று உண்டென்று கூறினார். அவர் கூறியவாறு ஒரு துணை இருப்பின், அவ்வமைப்பு நிலைபெறாது சிதைந்துவிடும் என 1899இல் மோல்டன் என்பார் கணக்கிட்டுக் காட்டினார். சீ அதனை அமைதியாக ஏற்றிலர், கடுமொழியில் மறுப்பெழுதினார்.

மூன்றாமவரையும் கூறுவோம். இங்கிலாந்தில் ஜோட்ரல் பாங்க் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ லைன் என்பார், தம் குழுவினருடன் 1991 ஜூலையில் ஒரு துடிப்பு விண்மீனைச் சுற்றும் கோளைக் கண்டதாக வெளியிட்டார். ஆறு திங்களுக்கு ஒருமுறை அது சுற்றிவருவதாகக் கணக்கு. உலகம் வியந்தது. 1992 ஜனவரியில் அட்லாண்டா நகரில் வானியலாளர் பேரவையில் அது குறித்து அவர் பேச வேண்டியிருந்தது. அதற்குச் சின்னாட்களுக்கு முன் அவரே தம் கணக்கில் பிழையைக் கண்டார். பூமியின் பாதை முழுவட்டமன்று. அந்தச் சிறு வேறுபாட்டை உரியவாறு கழிக்காததால், நம் பூமியின் அசைவே அங்கொரு கோளாய்த் தோன்றியிருந்தது! அவர் மேடையேறி, “அக்கோள் இல்லை” என்று அறிவித்தார். அவையினர் எழுந்து நின்று கைதட்டினர். அதே கூட்டத்தில் வோல்ஷான் என்பார் வேறொரு துடிப்பு விண்மீனின் கோள்களைப் பற்றி உரைத்தார். அவை மெய்யென நிலைத்தன. ஒருவர் தம் பிழையை எடுத்துரைத்ததால் உண்மையின் வாயில் அடைபடவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மூவரும் இல்லாத ஒன்றையே கண்டனர். ஆனால் மூவரும் ஒரு தன்மையர் அல்லர். ஒருவர் ஐயத்தை ஐயமாகவே உரைத்தார். ஒருவர் தம் காட்சியைத் தம் உடைமைபோற் பற்றிக்கொண்டார். ஒருவர் தம் கையாலேயே அதனைக் கீழே வைத்தார். பிழைபடக் கண்டவன் பொய்யனல்லன். பிழையென்று பிறர் காட்டிய பின்னரும் ஆராயாது பற்றுவோன், பொய்யின் வாயிலில் நிற்கிறான். தானே அறிந்தும் மறைப்பவன் உள்ளே புகுந்துவிட்டான்.

நாம் பஞ்சாலையில் உழைத்த நாளில், நூலின் நம்பரை அறிய 120 கெஜம் சுற்றியெடுத்து நிறுப்பது வழக்கம். நிறை மாறுபட்டால் தேர்ந்த தொழிலாளி உடனே நூலைப் பழியான். முதலில் தராசைப் பார்ப்பான். தட்டில் ஒட்டிய பஞ்சுத் தூசியும் நிறையாகவே காட்டுமன்றோ? காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பதும் இதுவே. தூசியை நீக்காமல் நிறுத்தவன் நூலையும் அறியான், தராசையும் அறியான்.

“இவ்வாறு தம்மையே ஐயுற்றிருந்தால் எதனைத்தான் காண்பது?” என்று சிலர் வினவுவர். தன்னைச் சோதித்தல் காணாதிருத்தல் அன்று. மேயர், கெலோஸ் என்னும் இருவர் பிரான்சு நாட்டு ஆய்வகமொன்றில் ‘51 பெகாசி’ என்னும் விண்மீனை நோக்கினர். வியாழனிற் பாதியளவேனும் நிறையுள்ள பெருங்கோள் ஒன்று நான்கு நாட்களுக்குச் சற்று மிகுந்த காலத்தில் அதனைச் சுற்றுவதாகத் தோன்றியது. பன்னிரண்டு ஆண்டில் சுற்றும் வியாழனையே அறிந்திருந்தோர்க்கு அது நம்பற்கரியதாய் இருந்தது. கெலோஸ் முதலில் தம் கருவியையே ஐயுற்றார். விண்மீன் மீண்டும் தோன்றும் பருவம் வரை, 1995 ஜூலை வரை, காத்திருந்து மறுபடியும் அளந்தனர். அக்டோபரில்தான் உலகிற்கு உரைத்தனர். 2019இல் நோபல் பரிசு அவர்களை அடைந்தது. காத்திருந்ததால் அவர்கள் எதனையும் இழந்திலர்.

அதன்பின், விண்மீனை ஒட்டிச் சுற்றும் இத்தகைய பெருங்கோள்கள் பல அகப்பட்டன. எங்கும் இவையே நிறைந்துள்ளன போலத் தோன்றியது. ஆராய்ந்தபோது, கதிரவனைப் போன்ற விண்மீன்களில் நூற்றுக்கு ஒன்றிற்கும் இவை இருப்பது அரிது எனத் தெரிந்தது. அசைவு மிகுதியாதலின் எளிதில் அகப்பட்டன; அவ்வளவே. வலையில் முதலில் வீழ்ந்த மீனே கடலில் மிகுந்தது என எண்ணலாகாது. வலையின் கண்ணையும் அளந்து பார்த்தல் வேண்டும்.

நம் நாட்டிலும் இவ்வொழுக்கம் பேணப்படுகிறது. ஆபு மலையின் குருசிகரத்தில், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தார் 2021இல் ஒரு வாயுப் பெருங்கோளைக் கண்டறிந்தனர். 725 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அது, வியாழனில் பத்தில் ஏழு பங்கு நிறையுடையது. மூன்றே கால் நாளுக்குள் தன் விண்மீனைச் சுற்றுகிறது. 2023இல் வியாழனைப் போல் ஏறத்தாழ 13 மடங்கு நிறையுள்ள வேறொன்றைக் கண்டனர். அவர்தம் கருவி வெப்பநிலை மாறாதபடி காக்கப்படுகிறது. விண்மீனின் ஒளியோடு, அளவறிந்த விளக்கொன்றின் ஒளியும் உடன் பதிவாகிறது. எதற்கு? கருவி தானே அசைந்த அசைவைக் கண்டு கழிப்பதற்கு.

அன்பர்களே! நாம் வானத்தை நோக்கும் தொழிலுடையோம் அல்லோம். ஆயினும் நாள்தோறும் பிறரை நோக்குகிறோம். அண்டை வீட்டான் முகம் மாறினான் என்கிறோம். மாறியது அவன் முகமா, நம் உள்ளமா என்று பார்த்தோமா? பொருளொன்று காணாமற்போனால், எவன்மேல் முன்பே வெறுப்புண்டோ அவன் நடையில் திருட்டைக் காண்கிறோம். பஞ்சாயத்தில் நின்று, ‘என் கண்ணாற் கண்டேன்’ என்று ஒருவன் கூறிய ஒரு சொல்லால் ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போவதுண்டு. இல்லாத கோளால் வானத்திற்கு ஒரு கேடுமில்லை. இல்லாத குற்றத்தால் மனிதன் அழிகிறான். வானநூலார் ஒரு புள்ளி ஒளிக்காகச் செய்யும் சோதனையை, நாம் ஓர் உயிருக்காகச் செய்யலாகாதா?

விருப்பும் வெறுப்பும் அற்றபின்னரே காண்பேன் என்று இருப்பது நம் போன்றோர்க்கு இயலாது. பூமியும் நின்றபின் வானத்தை நோக்குவோம் என எவரும் காத்திருந்திலர். ஓடுகின்ற பூமியின் மேல் நின்றே, அதன் ஓட்டத்தை அளந்து கழித்துக் கண்டனர். நாமும் நம் விருப்பு எத்துணை, வெறுப்பு எத்துணை என்று முதலில் அளப்போம்; அளந்ததைக் கழிப்போம்; எஞ்சியதை மட்டும் உரைப்போம். எஞ்சியது ஒன்றுமில்லையாயின், ‘ஒன்றுமில்லை’ என்று எழுந்து நின்று கூறும் துணிவையும் பெறுவோமாக.