உன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது யார்?

காலை 10 மணி. மணி அடித்ததும் வினாத்தாள் கைக்கு வரும். முதல் 10 நிமிடம் படிக்க மட்டும்தான். அடுத்த 5 நிமிடம் விடைத்தாளின் முகப்பைச் சரிபார்க்க. உன் பெயர், பதிவெண், உன் படம் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். சரிதான் என்று கையெழுத்துப் போடுவாய். 10.15க்குத்தான் எழுதத் தொடங்க வேண்டும்.

பொதுத்தேர்வில் ஆளை அசைத்துப் பார்ப்பது அந்தக் கால் மணி நேரம்தான். நாலாவது கேள்வி சுத்தமாகத் தெரியவில்லை. எட்டாவது படித்த மாதிரி இருக்கிறது, முதல் வரி வரமாட்டேன் என்கிறது. வயிற்றுக்குள் ஏதோ உருளுகிறது. கண் தானாக முன்பெஞ்சுக்குப் போகிறது. அங்கே அவனுடைய சட்டைக் காலர் மட்டும்தான் தெரிகிறது. ஆனாலும் அந்தக் காலர்மேல் உனக்கு வருகிற நம்பிக்கை, உன் கையிலிருக்கும் பேனாமேல் வருவதில்லை!

காப்பியடிப்பது பாவம், ஒழுங்கீனம், குற்றம் என்று உனக்குச் சொல்ல ஊரே இருக்கிறது தம்பி. பிரேயரில் ஹெட்மாஸ்டர் சொல்வார், வீட்டில் அம்மா சொல்வார். நான் அதைச் சொல்ல வரவில்லை. "எனக்கு வராது, அவனுக்குத்தான் வரும்" என்று உன் படத்துக்குக் கீழேயே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுக்கிறாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதுவும் யாரை நம்பி? நேற்று சாயங்காலம் உன்னோடு சேர்ந்து கிரிக்கெட் ஆடிவிட்டு, ராத்திரி பாதிப் பாடத்தைப் புரட்டிவிட்டு வந்தவனை நம்பி!

இவர் யார் நமக்குச் சொல்ல என்கிறாயா? நானும் காப்பியடித்தவன்தான். பத்தாம் வகுப்பு அரையாண்டு, கணக்குப் பரீட்சை. கூம்பின் கன அளவு கேட்டிருந்தார்கள். ஆரம் 7, உயரம் 12. முன்னால் இருந்தவன் தாளைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டினான். 616 என்று விடை, பக்கத்தில் ச.செ.மீ. நானும் 616 ச.செ.மீ. என்று அழகாக எழுதிக் கீழே இரண்டு கோடும் போட்டேன். கன அளவுக்கு எங்கேயாவது சதுர சென்டிமீட்டர் வருமா? ஒரே தப்பு, இரண்டு தாளில்.

தாள் கொடுக்கிற அன்றைக்கு வாத்தியார் என்னைப் போர்டுக்குக் கூப்பிட்டார். "ஒரு கூம்பு வரைடா." வரைந்தேன். "ஆரம் எங்க இருக்கு, காட்டு." சாக்பீஸ் வியர்வையில் நனைந்து விரலில் ஒட்டியது. உச்சியிலிருந்து கீழே சரிந்து வரும் சாயுயரத்தைக் காட்டினேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, அடிக்கவுமில்லை. தன் சிவப்புப் பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்து, "இதுல உனக்குன்னு எவ்வளவு வரும்னு நீயே பாத்துப் போட்டுக்கப்பா" என்றார்.

41 வாங்கியிருந்தேன். பார்த்து எழுதியதை ஒவ்வொன்றாகக் கழித்தேன். 27 வந்தது. 35 எடுத்தால் பாஸ். என் கையாலேயே என்னை ஃபெயில் ஆக்கிக்கொண்டேன்.

அந்த 27ஐப் பார்த்து ஞானம் வந்தது என்று கதை விடமாட்டேன். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் தரை எங்கே இருக்கிறது என்று கால் கண்டுபிடித்துவிட்டது. 41இல் நின்றிருந்தவரைக்கும் அது தெரியவே தெரியாது. பொதுத்தேர்வில் செஞ்சுரி எல்லாம் இல்லை, 63. அந்த 63ஐ யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுவேன். 41ஐ இத்தனை வருஷத்தில் இப்போதுதான் முதல்தடவையாக வெளியே சொல்கிறேன்.

பிட் எழுதுகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. ஜெராக்ஸ் கடையில் எழுத்தைக் குறைத்து எடுக்கிற சோம்பேறிகளை விடு. கையால் எழுதுகிறவனைச் சொல்கிறேன். அஞ்சு பக்கப் பாடத்தை உள்ளங்கை அகலத் தாளில் அடக்கப் பார்க்கிறான். எது முக்கியம், எதை விடலாம், எது முன்னே எது பின்னே என்று மண்டையைக் குடைந்துகொள்கிறான். வருஷங்களை ஓரத்தில் வரிசையாக, காரணங்களை நடுவில், படத்தை மூலையில் எறும்பு அளவில். இடம் போதாமல் நாலு வரியை ஒரு வரியாக்குகிறான். ராத்திரி பதினோரு மணிவரை உட்கார்ந்து இதைச் செய்துவிட்டு, மடித்து சாக்ஸுக்குள் செருகுகிறான்.

அடேய், அதுதானடா படிப்பு! படித்து முடித்துவிட்டாய், முடித்ததே தெரியாமல், சொந்தச் சொத்தைத் திருட்டுச் சாமான் மாதிரி காலில் ஒளித்துக்கொண்டு போகிறாய். பிட் கொண்டுபோனவனைக் கேட்டுப்பார். "எடுக்கவே இல்ல சார், எழுதினது அப்படியே ஞாபகம் வந்துடுச்சு" என்பான். பிறகு எதற்கு அந்தக் காகிதம்? பறக்கும் படை வந்து சாக்ஸைக் கழற்றச் சொன்னால், தெரிந்த பாடத்துக்காக மாட்டுவாய். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்றை எனக்குக் காட்டு.

இன்னொன்றும் கேள். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரு பாடத்தை நாலு சுற்றும் படிக்கக் கொடுத்தார்கள். இன்னொரு கூட்டம் ஒரு சுற்றுதான் படித்தது. மிச்ச மூன்று சுற்றும் பாடத்தை வாங்கி வைத்துக்கொண்டு, வெறும் தாளில் ஞாபகத்திலிருந்து எழுதச் சொன்னார்கள். அஞ்சு நிமிஷம் கழித்துப் பார்த்தால் முதல் கூட்டம்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் முதல் கூட்டத்துக்கு நினைவில் நின்றது 40 சதவீதம், இரண்டாவது கூட்டத்துக்கு 61. வேடிக்கை என்னவென்றால், "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்" என்று தெம்பாகச் சொன்னது நாலு தரம் படித்த கூட்டம்! புத்தகம் திறந்திருக்கிறவரைக்கும் எல்லாருக்கும் தெம்புதான். பக்கத்தவன் தாள் தெரிகிறவரைக்கும் வருகிற தெம்பும் அதே ஜாதி.

2015 மார்ச்சில் பிகார், வைசாலி மாவட்டத்திலிருந்து வந்த ஒரு படத்தை நீ பார்த்திருக்கலாம். பத்தாம் வகுப்புத் தேர்வு மையம், நாலு மாடிக் கட்டடம். சுவரில் பல்லி மாதிரி தொற்றிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகத் துண்டுச் சீட்டு நீட்டும் அப்பாக்கள், அண்ணன்கள். உலகமே சிரித்தது. எனக்கு ஜன்னலுக்கு உள்ளே இருந்த பிள்ளையின் ஞாபகம்தான் வந்தது. உயிரைப் பணயம் வைத்து ஏறிவந்த அப்பா அவனிடம் நீட்டியது என்ன? "உன்னால் ஆகாதுடா மகனே" என்ற சீட்டு. அதை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டவன் எந்த வயதில் தூக்கி எறிவான்?

1992இல் உத்தரப்பிரதேசத்தில் காப்பியடிப்பதைத் தடுக்க அவசரச் சட்டம் போட்டார்கள். அந்த வருஷம் பத்தாம் வகுப்பில் நூற்றுக்குப் பதினைந்து பேர்கூடத் தேறவில்லை. பிள்ளைகள் ஒரே வருஷத்தில் மக்காகிவிட்டார்களா? முட்டுக் கொடுத்த கம்பை உருவியதும் பந்தல் சரிந்தது, அவ்வளவுதான்.

நம் ஊர் மட்டும் யோக்கியமா? 2019இல் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்த ஒரு மாணவரின் முகத்துக்கும், நீட் ஹால் டிக்கெட்டில் இருந்த முகத்துக்கும் பொருத்தமில்லை என்று புகார் வந்தது. ஆள்மாறாட்ட வழக்கானது. மாணவரும், மருத்துவரான அவருடைய தந்தையும் கைதானார்கள். உனக்கு அது பெரிய குற்றமாகத் தெரிகிறது, நீ செய்வது சின்னதாகத் தெரிகிறது. அளவில் வித்தியாசம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முன்பெஞ்சுக்காரன் விடையை உன் படத்துக்குக் கீழே எழுதுகிற நிமிஷத்தில் உன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது யார்?

பெரியவர்களையும் விடமாட்டேன். 2017இல் தமிழக அரசு பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலை நிறுத்தியது. நிறுத்தி என்ன? "100 சதவீதத் தேர்ச்சி" ஃபிளெக்ஸ் இறங்கவில்லையே! அந்த ஃபிளெக்ஸுக்காக ஒருமார்க் விடைகளை ஹாலில் கிசுகிசுக்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அது உதவி என்று அவர்கள் நினைக்கிறார்கள். வகுப்பில் வருஷம் முழுக்க இவனைப் படிக்கவைக்க எங்களுக்குத் தெம்பில்லை என்ற ஒப்புதல் வாக்குமூலம் அது. ரெக்கார்ட் நோட்டைக் காசுக்கு வரைந்து கொடுக்கிறவர்களும், பிள்ளையின் புராஜெக்டை சாட்ஜிபிடியிடம் கேட்டு பிரிண்ட் எடுத்துத் தருகிற அப்பாக்களும் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள்.

"காட்டலைன்னா நீயெல்லாம் ஒரு ஃப்ரெண்டா?" என்று ஒருத்தி கேட்பாள். படிக்கிற பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். தங்கச்சி, நீ காட்டினால் அவளுக்கு அஞ்சு மார்க் கிடைக்கும், கூடவே நீ பண்ணின தப்பும். என் 616 ச.செ.மீ. மாதிரி. பரீட்சைக்கு முந்தின நாள் அவளை வீட்டுக்குக் கூப்பிடு. தரையில் உட்கார்ந்து ஒரே ஒரு தேற்றத்தை அவளுக்குப் புரிகிறவரை மூன்று தரம் சொல்லிக்கொடு. மூன்றாவது தரம் உனக்கே புதிதாக ஏதாவது புரியும். மறுநாள் ஹாலில் அவள் பின்னாலிருந்து முதுகில் ஸ்கேலால் குத்தினாலும் திரும்பாதே. வெளியே வந்து சண்டை போட்டால் போடட்டும். ஐஸ் வாங்கிக் கொடு.

ஃபெயில் ஆகிவிட்டால்? ஆகிவிட்டால் என்ன! ரிசல்ட் வந்த கையோடு துணைத் தேர்வுக்கு அறிவிப்பு வருகிறது, ஜூன், ஜூலையிலேயே எழுதிவிடலாம். வருஷம் வீணாவதில்லை. எழுதி வாங்கிய 27லிருந்து 35க்கு எட்டு மார்க் தூரம், அதை நடந்தே போய்விடலாம். பார்த்து வாங்கிய 41லிருந்து எங்கே போவாய்? பிளஸ் ஒன் வாத்தியார் முதல் வாரமே போர்டுக்குக் கூப்பிடுவார். அங்கே முன்பெஞ்சு கிடையாது.

நாளைக்குப் பரீட்சையா? பிட் எழுதிவிட்டாயா? நல்லது, ஒழுங்காகத்தான் எழுதியிருப்பாய். அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வா. நோட்டை மூடு. ஒரு வெள்ளைத்தாள் எடு, மேலே உன் பெயரை எழுது. பிட்டில் முதல் வரி என்ன?

எழுது, பார்ப்போம்.