குறைக்கணுமா, ஏத்தணுமா?

ஜிம்மில் சேரப் போகிறவரிடம் முன்மேசைப் பையன் கேட்கும் முதல் கேள்வி மதுரைப் பக்கம் அநேகமாக ஒன்றுதான்: “குறைக்கணுமாண்ணே, ஏத்தணுமாண்ணே?” எடையைத்தான் கேட்கிறான். பதிலைச் சொன்னால் பேக்கேஜ் அட்டையை எடுத்து நீட்டுவான். ஒரு மாதம், மூன்று மாதம், ஒரு வருடம். தனிப் பயிற்சியாளர் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காசு.

கேள்வியில் தப்பில்லை. ஆனால் மனிதருக்குத் தன் உடம்பிடம் இருக்கிற எதிர்பார்ப்பையெல்லாம் தராசு முள்ளின் இரண்டு பக்கத்துக்குள் அது அடக்கிவிடுகிறது. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்கிற பெண் எந்தப் பக்கம் நிற்பார்? ஆள் ஒல்லி, ஆனால் சர்க்கரை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்பவர்? இடுப்பு வலியோடு இரவில் புரண்டு படுப்பவர்? இவர்கள் எல்லோரும் சற்று யோசித்துவிட்டு, “குறைக்கணும் தம்பி” என்று சொல்லிப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். இரண்டாம் மாதம் வருவதில்லை.

தலைவர்களுக்கும் புலவர்களுக்கும் சிலை வைத்துப் பழகிய மதுரையில், செல்லூர் ரவுண்டானாவில் மட்டும் கபடி வீரர்கள் சிலையாக நிற்கிறார்கள். வைகையின் வடகரையில் இருக்கும் செல்லூருக்கு இரண்டு அடையாளங்கள். ஒன்று தறி, மற்றொன்று கபடி. பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது பற்றி யோசிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் எதற்காகப் பயிற்சி என்று தெளிவாகத் தெரிந்த உடம்பும், பயிற்சியே வேண்டாம் என்னும் அளவுக்கு உழைத்துக் களைத்த உடம்பும் இங்கே அடுத்தடுத்த தெருவில் இருக்கின்றன.

கபடிக்காரரை எடுத்துக்கொள்வோம். பாடிப் போகும் ரைடருக்கு 30 விநாடி. ஆறரை மீட்டர் ஆழமுள்ள எதிரணிப் பாதிக்குள் புகுந்து, ஏழு பேர் கண்ணில் படும்படி ஆடி, யாரையாவது தொட்டுவிட்டு, விடாமல் பாடிக்கொண்டே கோட்டைத் தாண்டித் திரும்ப வேண்டும். அவருக்குத் தேவை குறுகிய வெடிப்பு, சட்டென்று திரும்பும் இடுப்பு, பிடிபட்டபின் இழுத்துக்கொண்டு போகும் தொடை. மூலையில் நிற்கும் கார்னர்காரரோ பாதி உட்கார்ந்த நிலையில் காத்திருக்கிறார். கணுக்கால் கைக்கெட்டும் அந்த ஒரு கணத்துக்காகத்தான் அவருடைய முழுப் பயிற்சியும். ஒரே அணி, ஒரே மண், ஒரே மாலை. இருந்தும் இருவரின் பயிற்சியும் வேறு. மேல்மட்டப் போட்டிகளில் ஆண்களுக்கு 85 கிலோ என்ற எடை வரம்பும் உண்டு. ஆகவே வெறுமனே ‘ஏத்திக்கொண்டே’ போகவும் முடியாது. உடம்பிடம் எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோமோ அதைத்தான் அது கற்றுக்கொள்ளும். மெதுவோட்டம் ஓடினால் மெதுவாக நெடுநேரம் ஓடக் கற்றுக்கொள்ளும். எதிராளியின் பிடியிலிருந்து உதறி வர அந்த ஓட்டம் உதவாது.

காவலர் தேர்வுக்குத் தயாராகும் பையன்களும் அப்படித்தான். விடிவதற்கு முன்பே ரேஸ் கோர்ஸ் பக்கம் ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும்; பிறகு கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். இந்தப் பையன்களுக்கு எந்த வகுப்பு நல்லது என்ற குழப்பமே கிடையாது. தேர்வு வாரியம் எழுதிக் கொடுத்துவிட்டது. குறை ஒன்றுதான்: தேதி வைத்த இலக்கு தேதியோடு போய்விடும். தேர்வானவரும் ஓட்டத்தை விடுகிறார், ஆகாதவரும் விடுகிறார்.

மற்றபடி நமக்கெல்லாம் தேதியும் இல்லை, வாரியமும் இல்லை. அதனால் இலக்கைக் கடன் வாங்குகிறோம். ஜிம் வாசலில் தொங்கும் ஃபிளெக்ஸில் இருக்கிறவரின் உடம்பைப் பார்த்து, அங்கே சேர்ந்தால் அப்படி ஆகலாம் என்று நினைத்துக்கொள்கிறோம். இதற்கு லண்டனிலிருந்து ஒரு பழைய எச்சரிக்கை உண்டு. ஜெர்மி மோரிஸ் என்ற மருத்துவர் 1953-இல் லண்டன் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்து, நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று காட்டினார். உடலுழைப்பையும் இதயத்தையும் பற்றிய நவீன ஆராய்ச்சி அங்கிருந்து கிளம்பியது என்றே சொல்லலாம். அதோடு அவர் நிற்கவில்லை. 1956-இல் அதே ஊழியர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பளவு வேலையில் சேர்ந்த காலத்திலேயே சற்றுப் பெரிதாக இருந்தது தெரிந்தது! படிக்கட்டு கொடுத்தது எவ்வளவு, ஆள் கொண்டுவந்தது எவ்வளவு என்ற கேள்வி அங்கே பிறந்தது. ஃபிளெக்ஸில் இருக்கும் ஆணழகரைப் பார்க்கும்போது நாமும் அந்தச் சீருடைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

இனி தறிப்பக்கம் வருவோம். விசைத்தறிக் கொட்டகையில் நாலு தறி பார்க்கிறவர் எட்டு மணி நேரத்தில் என்ன செய்கிறார்? ஒரு தறியில் ஊடை தீர்ந்து நிற்கிறது. நாடாவை எடுத்து, காலித் தாரைக் கழற்றி, புதுத் தாரை மாட்டி, ஓட விடுகிறார். திரும்பினால் அடுத்ததில் பாவு இழை அறுந்திருக்கிறது. பாவின் மேல் வயிற்றைச் சாய்த்து, கழுத்தை ஒருபக்கமாகத் திருப்பி, மங்கின வெளிச்சத்தில் இழையின் நுனியைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிறார். அதற்குள் பின்னால் இன்னொன்று நின்றுவிட்டது. பேசினால் கேட்காத சத்தத்தில் கையாலும் உதட்டாலும் பேசிக்கொள்கிறார்கள். நடை உண்டு, ஆனால் நாலு எட்டுக்கு மேல் இல்லை. குனிவு உண்டு, எப்போதும் ஒரே பக்கம். இந்த வேலை பார்க்கும் ஒரு அக்காவிடம் போய் உடற்பயிற்சி என்று சொன்னால், “நாள் பூரா நின்னுக்கிட்டேதான இருக்கேன் தம்பி, இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?” என்று கேட்பார்.

நியாயமான கேள்வி. மோரிஸின் கண்டக்டர்களை நினைத்தால், வேலையே போதும் என்றுகூடத் தோன்றும். ஆனால் டென்மார்க்கிலிருந்து வேறொரு செய்தி வந்தது. கோபன்ஹேகன் பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2021-இல் ஆந்திரியாஸ் ஹோல்டர்மான் குழுவினர் வெளியிட்ட ஆய்வு அது. ஓய்வு நேரத்தில் உடம்பை அசைப்பவர்களிடம் இதயநோயும் மரணமும் குறைவு. வேலையில் கடுமையாக உடம்பை வருத்துபவர்களிடமோ அவை அதிகம். புகை, படிப்பு, வருமானம் முதலியவற்றைக் கணக்கில் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை. வறுமையின் சுவடுகளை முழுவதும் கழிக்க முடியுமா என்று ஆய்வாளர்களுக்குள் வழக்கு இன்னும் நடக்கிறது; எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் அவர்கள் சொல்லும் காரணங்கள் செல்லூர்க்காரருக்கு நன்றாகப் புரியும். வேலை உழைப்பு இதயத்தை வலுவாக்கும் அளவு வேகமானதில்லை, ஆனால் மணிக்கணக்கில் நீள்கிறது. ஒரே நிலையில் நிற்பதாலும் பாரம் தூக்குவதாலும் ரத்த அழுத்தம் இறங்காமல் இருக்கிறது. களைத்த தசை ஆறுவதற்குள் அடுத்த ஷிப்ட் வந்துவிடுகிறது.

இங்கேதான் எனக்கு ஒன்று பிடிபடுகிறது. கண்டக்டர் மாடியேறுகிறார், இறங்குகிறார், கம்பியில் சாய்ந்து நிற்கிறார், பிறகு ஏறுகிறார். ரைடர் 30 விநாடியில் திரும்பி வந்து இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்குகிறார். அடுத்த ரைடு இன்னொருவருடையது. கைத்தறியான குழித்தறியில் மிதிக்கிறவரின் காலே மோட்டார். அவர் நிறுத்தினால் தறி நிற்கும். (நெய்த அளவுக்குத்தான் கூலி என்பதால் நிறுத்தியவர்கள் குறைவு, பழைய தறியைப் பொற்காலமாக்க நான் வரவில்லை.) விசைத்தறியில் மோட்டார் ஓடுகிறது, ஆள் அதன் பின்னால் ஓடுகிறார். அசைவின் அளவு அல்ல பெரிய வித்தியாசம். போதும் என்று உடம்பு சொல்லும்போது அதைக் கேட்க இடம் இருக்கிறதா என்பதே. வலுவும் மூச்சும் பயிற்சியின்போது வளர்வதில்லை, பயிற்சிக்குப் பிந்தைய ஓய்வில் வளர்கின்றன. நிறுத்த முடியாத அசைவு தேய்மானம். நாமே தொடங்கி, நாமே ஏற்றி, நாமே நிறுத்துகிற அசைவுக்குத்தான் பயிற்சி என்று பெயர். கூலிக்கு விடாத உடம்பின் அரைமணி நேரம் அது.

இப்படிப் பார்த்தால் வகுப்பைத் தேர்ந்தெடுக்கும் விதமே மாறிவிடுகிறது. எது நல்ல வகுப்பு என்று கேட்பதற்கு முன்னால், என் நாள் என் உடம்பிடம் எதைக் கேட்கவே இல்லை என்று கேட்க வேண்டியிருக்கிறது. கடையில் உட்கார்ந்தே இருக்கிறவருக்கு வேகநடை பெரிய வரம். எட்டு மணி நேரம் நின்றவருக்கு மறுபடியும் நின்றுகொண்டே குதிக்கும் வகுப்பு எதற்கு? அவருக்கு முதலில் தரையில் படுத்து முதுகெலும்பை இரண்டு பக்கமும் திருப்ப வேண்டும், எப்போதும் குனிந்தே இருக்கும் தோளைப் பின்னால் விரிக்க வேண்டும். கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் 1911-இல் பிறந்து, தானும் தறியில் உட்கார்ந்த வேதாத்திரி மகரிஷி வகுத்த எளியமுறை உடற்பயிற்சியில் இந்தக் காரியங்கள் இருப்பதைத் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சு, கண், படுத்துச் செய்யும் மகராசனம், கடைசியில் ஓய்வு. கருவி கிடையாது, ஒரு விரிப்பு போதும். அவருடைய தத்துவத்தை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். உழைக்கிற குடும்பஸ்தர்களை மனதில் வைத்து வரிசைப்படுத்தியவர் என்பதும், ஓய்வையே ஒரு பயிற்சியாக அதில் சேர்த்தார் என்பதும் நான் மதிக்கிற விஷயங்கள்.

ஆனால் அதோடு முடிந்துவிடாது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டலில், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்போடு, தசையை வலுவாக்கும் பயிற்சி குறைந்தது இரண்டு நாள் என்று இருக்கிறது. நம் ஊரில் முதல் பாதி மட்டும் பிரபலமாகிவிட்டது. தமிழக அரசே 2023-இல் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்துக் கொடுத்தது. நடக்கிறார்கள், மகிழ்ச்சி. இரண்டாவது பாதியை, அது இளைஞர் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள், குறிப்பாகப் பெண்கள். சாப்பிட்ட சர்க்கரையில் கணிசமான பங்கை வாங்கிக்கொள்வது தசை என்பதால், ஒல்லியான சர்க்கரைக்காரர் அந்த முன்மேசையில் ‘ஏத்தணும்’ என்று சொல்ல வேண்டியவர். எடையை இல்லை, தசையை. வயதாகிவிட்டதே என்பவருக்கு 1990-இல் பாஸ்டனில் நடந்த சோதனையைச் சொல்லலாம். முதியோர் இல்லத்தில் சராசரி 90 வயதுக்காரர்கள் எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி செய்தார்கள். முடித்த ஒன்பது பேரின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தண்டாலும் பஸ்கியும் தாலிம் என்ற பழைய உடற்பயிற்சிக் கூடங்களோடு போய்விட வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழும் பஸ்கி, சுவரில் கைவைத்துச் செய்யும் தண்டால் என்று ஆரம்பித்தால், கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழும் நாள் வரும். அது ஒரு நல்ல இலக்கு. தேதியோடு போய்விடாத இலக்கு.

பயிற்சியாளரை எடைபோடவும் ஒரு வழி இதில் இருக்கிறது. முதல் வகுப்பில் பாதியில் நிறுத்திப் பாருங்கள். “என்ன செய்யுது? உக்காருங்க, மூச்சு வரட்டும்” என்பவரிடம் சேரலாம். “இன்னும் பத்து, விடாதீங்க” என்று கத்துபவர் போட்டிக்காரர்களுக்குச் சரி. நெஞ்சு அடைப்பு, தலைசுற்றல், பழைய மூட்டு வலி உள்ளவர்கள் அவரிடம் போகும் முன் மருத்துவரிடம் போகட்டும். மிதமான பயிற்சிக்கு எளிய அளவு உண்டு: பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. கபடியில் மட்டும்தான் பாடியே தீர வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்த அக்காவுக்கு அரைமணி நேரம் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், வகுப்பு நடத்துகிறவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். காலை ஆறு மணி வகுப்பு தண்ணீர் பிடிக்கிற, சோறு வடிக்கிற நேரம். மாலை ஏழு மணியும் அப்படியே. செல்லூரில் புதிதாக ஒரு இடம் தொடங்கப் போகிறவர், கண்ணாடிச் சுவருக்கும் ஏசிக்கும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் ஷிப்ட் எப்போது மாறுகிறது என்று நாலு கொட்டகையில் விசாரிக்கலாம். ஆண்டுக் கட்டணத்துக்குப் பதிலாக வாரக் கூலிக்காரருக்கு வாரக் கட்டணம் வைக்கலாம். ஸ்பீக்கரை மட்டும் அணைத்து வைப்பது நல்லது. எட்டு மணி நேரம் தறிச் சத்தம் கேட்டுவிட்டு வருகிறவர்கள் அவர்கள்.