எந்தத் துண்டில் இருக்கிறது டிராக்டர்?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள சிற்றூர் ஹொரிகான். ஜான் டீர் நிறுவனம் தன் முதல் தோட்ட டிராக்டரை 1963-ல் அங்கேதான் தயாரித்தது. மாடல் எண் 110. பெரிய வயலுக்கானதல்ல அது; வீட்டைச் சுற்றியுள்ள புல்லை வெட்ட, காய்கறித் தோட்டத்தை உழ, குளிர்காலத்தில் வாசல் பனியைத் தள்ள. முதலில் 7 குதிரைத்திறன் கோலர் என்ஜின், அடுத்த ஆண்டு 8. அந்தக் காலத்து வண்டிகள் பல இன்று கொட்டகைகளில் துருவேறிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றை வீட்டுக்கு இழுத்து வந்து, கடைசி போல்ட் வரை கழற்றி, மறுபடி ஓடவைக்க மாதக்கணக்கில் உழைப்பவர்கள் உண்டு. தத்துவம் 2,000 ஆண்டுகளாகக் கேட்டுவரும் ஒரு கேள்வி அவர்கள் கையில் கிரீஸ் பிசுக்கோடு வந்து சேர்கிறது: வேலை முடிந்தபின் நிற்பது அதே வண்டியா, வேறு வண்டியா?

கேள்வி தொடங்கும் இடம் சிலிண்டர். பல ஆண்டுகள் அசையாமல் கிடந்த என்ஜினில் பிஸ்டன் துருவால் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே எண்ணெய் ஊற்றி, நாள்கணக்கில் ஊறவிடுவார்கள். அவசரப்பட்டு அடித்தால் பிஸ்டன் உடையும். ஒருவழியாக இளகி வெளியே வந்தால், சுவரெங்கும் துரு தின்ற குழிகள். வார்ப்பிரும்பு பிளாக் என்பதால் வழி இருக்கிறது. பட்டறையில் ரீபோர் செய்து 0.010 அங்குலம் பெரிய பிஸ்டனைப் போடலாம், கால் மில்லிமீட்டர்தான். அது போதாவிட்டால் 0.020, பிறகு 0.030. ஒவ்வொரு முறையும் பழைய இரும்பு கொஞ்சம் தூளாகிப் போகிறது. பழையதைக் காப்பாற்றப் பழையதையே சுரண்டவேண்டியிருக்கிறது.

கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் எழுதிய, புராண நாயகன் தீசியஸின் வரலாற்றில் வரும் கப்பலின் சிக்கலும் இதுதான். ஏதென்ஸ்காரர்கள் அந்த முப்பது துடுப்புக் கப்பலை அவன் நினைவாகப் பாதுகாத்தார்கள். உளுத்த பலகையை எடுத்துவிட்டுப் புதுப்பலகை அடித்துக்கொண்டே வந்தார்கள். அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் இரு கட்சியாகப் பிரிந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் முடிச்சை மேலும் இறுக்கினார்: கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து, அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டினால்?

ஹாப்ஸுக்கு அது கற்பனை. கொட்டகையில் நிஜமாகவே நடக்கும் காரியம். பழைய டிராக்டரைச் சீரமைப்பவர் பலசமயம் உதிரிபாகத்துக்காகவே அதே மாடலில் இன்னொரு வண்டியையும் வாங்கிப்போடுகிறார். இதன் சேஸிஸ், அதன் என்ஜின். இதன் கியர்பாக்ஸ், அதன் பானட். மிஞ்சியதை வைத்து இரண்டாவது வண்டியையும் எழுப்பிவிட்டால், தாத்தா ஓட்டிய வண்டி எது என்று பேரன் கேட்கும்போது எதைக் காட்டுவது? சீரியல் எண் தகடு உள்ள வண்டியைக் காட்டலாம். விற்க வாங்க அது போதும். ஆனால் தகடும் கழற்றி மாட்டக்கூடிய ஒரு துண்டுதான்.

மிலிந்த பன்ஹா என்ற பாலி நூலில் பௌத்தத் துறவி நாகசேனர் யவன அரசர் மிலிந்தரிடம் தேரை வைத்து இதையே கேட்கிறார். அச்சு தேரா? சக்கரம் தேரா? நுகம் தேரா? ஒவ்வொன்றுக்கும் இல்லை என்கிறார் அரசர். இவை சேர்ந்திருப்பதற்கு வழங்கும் பெயர்தான் தேர், உள்ளே தேர் என்று தனியாக ஒன்று ஒளிந்திருக்கவில்லை, மனிதனும் அப்படியே. என்ஜினைப் பிரித்து மேசையில் பரப்பியிருப்பவருக்கு இதற்கு வாதமே தேவையில்லை. வால்வு, ஸ்பிரிங், கண்டென்சர், கனெக்டிங் ராடு எல்லாம் கண்ணெதிரே கிடக்கின்றன, டிராக்டரைக் காணோம். ஆனால் நாகசேனர் இதைச் சொன்னது பற்றை அறுக்க. இங்கே பற்று அறுவதில்லை. எந்தத் துண்டிலும் டிராக்டர் இல்லை என்று தெரிந்த பிறகும், ஒவ்வொரு துண்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, வரிசையாக வைக்கும் கை ஓய்வதில்லை. இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. உள்ளே அழியாத சாரம் ஒன்று இருந்தால் அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். வெறும் சேர்க்கை என்பதால்தான், அதைச் சேர்த்துவைத்திருக்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

அரிஸ்டாட்டில் வேறு பக்கமிருந்து வருகிறார். கோடரியாக இருக்கும் தன்மை போய்விட்டால் மிஞ்சுவது பெயரளவில் கோடரி, பார்வை போன கண் பெயரளவில் கண் என்பது அவர் வாதம். அப்படிப் பார்த்தால், பளபளக்கும் பெயின்டோடு ஓடாமல் நிற்பது பெயருக்குத்தான் டிராக்டர்; பெல்ட் கீச்சிட்டாலும் புல் வெட்டுவதுதான் டிராக்டர். இதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. மீதி பெயின்டில் போய்ச் சிக்கிக்கொள்கிறது.

1969 முதல் 1971 வரை ஜான் டீர் தன் தோட்ட டிராக்டர்களை வெள்ளை உடலோடு, சிவப்பு, நீலம், மஞ்சள், ஆரஞ்சு நிறப் பானட்டுகளிலும் விற்றுப் பார்த்தது. பழகிய பச்சையை அவை வெல்லவில்லை. அப்படியொரு நீல வண்டிக்கு அதன் சொந்தக்காரர் பச்சையடித்து முப்பது ஆண்டு ஓட்டியிருந்தால், இன்று சீரமைப்பவர் பச்சையைச் சுரண்டி நீலத்துக்குப் போகவேண்டுமா? ஒரிஜினல் என்று கொண்டாடப்படுவது தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அந்த ஒரு நாள்தான். பச்சையில் கழிந்த ஆயுளுக்கு அங்கே இடமில்லை. மிதியில் ஒருவருடைய பூட்ஸ் உரசி உரசிப் பெயின்ட் போய், இரும்பு வழவழப்பாகிவிட்ட இடம் ஒன்று இருக்கும். பட்டி பூசி பிரைமர் அடித்தால் அது அன்றோடு மறைந்தது. பெயின்டை இன்னொரு முறை அடித்துக்கொள்ளலாம். அந்தத் தேய்மானத்தை யாராலும் திரும்பச் செய்ய முடியாது.

பழங்கட்டடங்களுக்கு 1964-ன் வெனிஸ் சாசனம் இதில் ஒரு வழி வகுத்தது. ஒரே காலத்துப் பாணிக்குத் திருப்புவதல்ல நோக்கம், எல்லாக் காலத்தின் பங்களிப்பையும் மதிக்கவேண்டும்; புதிதாகச் சேர்ப்பது முழுமையோடு ஒத்துப்போனாலும் பழையதிலிருந்து பிரித்தறியும்படி இருக்கவேண்டும் என்றது. நினைவுச் சின்னங்களின் விதியைப் புல்வெட்டும் வண்டிக்குப் பொருத்துவது மிகையல்ல. பிஸ்டன், ரிங், பெல்ட், பிரேக் ஆகியவற்றைத் தயங்காமல் மாற்றலாம். தேய்ந்த மிதியிலும் கீறல் விழுந்த பானட்டிலும் துருவை மட்டும் நிறுத்தி, எண்ணெய் பூசி விட்டுவிடலாம். எது மாற்றப்பட்டது, எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதிவைக்கவேண்டும். நாளை இதைக் கழற்றப்போகிறவர், 0.030 பிஸ்டன் ஏற்கெனவே போட்டாகிவிட்டதா என்று தெரிந்துகொண்டு ஸ்பேனரை எடுக்கட்டும்.