சிற்றரசின் உரிமை யாருக்குச் சொந்தம்?

பேரரசுக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசு ஒன்று தன் உள்விவகாரங்களைத் தானே நடத்திக்கொள்ள உரிமை கோரும்போது, அந்த உரிமை மன்னரைச் சேர்ந்ததா, குடிமக்களைச் சேர்ந்ததா என்பதே முதலில் தீர்க்க வேண்டிய அறக்கேள்வி. தென்காசி வட்டாரம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இந்தக் கேள்வியோடு வாழ்ந்தது. குற்றாலமும் தென்காசியும் ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர் மகாராஜாவின் தாலுகா. செங்கோட்டை நுழைவு வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரையை இன்றும் காணலாம். குற்றாலத்தில் அந்த அரசுக்கு இருந்த அரண்மனை இப்போதும் கேரள அரசின் பொறுப்பில்தான் இருக்கிறது.

திருவிதாங்கூரின் நிலையை முடிவுசெய்தவை கிழக்கிந்தியக் கம்பெனியோடு செய்துகொண்ட இரண்டு உடன்படிக்கைகள். திப்பு சுல்தானின் படையெடுப்புக்குப் பின் 1795இல் ஏற்பட்ட முதல் உடன்படிக்கை, கம்பெனிப் படையின் பாதுகாப்புக்கு ஈடாக ஆண்டுதோறும் பணம் கட்டச் சொன்னது. 1805ஆம் ஆண்டு உடன்படிக்கை அந்தத் தொகையைச் சுமார் எட்டு லட்சம் ரூபாயாக உயர்த்தியது. உள்நாட்டு நிர்வாகத்திலும் கம்பெனியின் ஆலோசனைக்குச் செவிசாய்க்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் சேர்ந்தது. கொடியும் நாணயமும் நீதிமன்றமும் மகாராஜாவுடையவை, படைபலம் கம்பெனியுடையது.

மறுத்தால் நாடே போய்விடும் என்ற நிலையில் இட்ட கையெழுத்தை முழுச் சம்மதம் என்று கொள்ள முடியாது. 1805 உடன்படிக்கையின் காலத்தில் திவானாக இருந்த வேலுத்தம்பியே 1809இல் குண்டறையில் அறிக்கை விட்டுக் கம்பெனிக்கு எதிராக மக்களைத் திரட்டினார். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது, அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த சில ஆண்டுகளிலேயே கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் கர்னல் மன்றோ திவான் பதவியையும் சேர்த்துக் கவனித்தார். காவலுக்கு வந்தவரே கணக்கையும் கையில் எடுத்துக்கொண்டார்.

இதை மட்டும் பார்த்தால் மேலாதிக்கம் முழுக்க முழுக்கத் தவறு என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம். வழக்கு அவ்வளவு எளிதல்ல. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்த 1855ஆம் ஆண்டு ஆணைக்குப் பின்னால் மிஷனரிகள், சென்னை அரசு ஆகியோரின் நெருக்குதல் இருந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான போராட்டத்திலும் சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெலியன் வற்புறுத்திய பிறகே 1859இல் ஆணை வந்தது. உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற தடையை அப்போதும் அது விடவில்லை. ‘எங்கள் வழக்கத்தில் தலையிடாதீர்கள்’ என்று அரண்மனை சொன்னபோது, அந்த ‘எங்கள்’ என்பதற்குள் அந்தப் பெண்கள் இல்லை.

சிற்றரசு முந்திக்கொண்ட சந்தர்ப்பமும் உண்டு. 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம் அரசின் கோயில்களை இந்துக்கள் அனைவருக்கும் திறந்தது. ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் இருந்த சென்னை மாகாணத்தில் அதற்கான சட்டம் வர 1939 ஆயிற்று. ஆனால் அந்தப் பிரகடனத்துக்கு முன்னால் 1924-25இன் வைக்கம் போராட்டம் நடந்திருந்தது. அரண்மனைக் கதவை உள்ளிருந்து திறக்க, வெளியே பல ஆண்டுகள் தட்ட வேண்டியிருந்தது.

இரட்டை ஆட்சியில் பொறுப்பு எங்கே நிற்கிறது என்பது அடுத்த சிக்கல். மகாராஜாவிடம் முறையிட்டால் அவர் ரெசிடெண்டைக் காட்டலாம். ரெசிடெண்ட் உடன்படிக்கையைக் காட்டலாம். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்று தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர். திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர். சட்டப்படி அவர் மகாராஜாவின் பிரஜை. அவரிடமிருந்து கிடைத்த கடிதமோ ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை எதிரியாகக் குறித்தது. கொலையை ஏற்காதவர்களாலும், உண்மையில் ஆள்பவர் யார் என்பதை அந்தப் பிரஜை தெளிவாக அறிந்திருந்தார் என்பதை மறுக்க முடியாது.

1947இல் பிரிட்டிஷ் முடியாட்சியின் மேலாதிக்கம் சட்டப்படி முடிவுக்கு வந்தது. கொடுத்த அதிகாரம் திரும்பி வருகிறது, ஆகவே திருவிதாங்கூர் தனிநாடாகும் என்று ஜூன் 11 அன்று திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் அறிவித்தார். உடன்படிக்கை இரண்டு அரசுகளுக்கு இடையிலானது என்று கொண்டால் அந்த வாதத்தில் தர்க்கம் உண்டு. அதிகாரம் யாரிடம் திரும்புகிறது என்பதற்கு மட்டும் அதில் பதில் இல்லை. குடிகளின் எதிர்ப்பும், ஜூலை 25 அன்று திவான் தாக்கப்பட்டதும் நிலைமையை மாற்றின. ஜூலை முடிவதற்குள் மகாராஜா இந்தியாவோடு இணைய ஒப்பினார்.

மன்னராட்சி போன பிறகும் செங்கோட்டைத் தமிழர் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் சிறுபான்மையினராகவே இருந்தனர். 1956 நவம்பர் 1 அன்று தாலுகாவின் கிழக்குப் பகுதி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது; மலைக்கு மேற்கே ஆரியங்காவுப் பக்கம் கேரளத்தில் நின்றது. பெரிய அமைப்பிடம் உரிமை கேட்கும் சிறிய அமைப்புக்குள்ளேயே அதைவிடச் சிறியவர்கள் இருப்பார்கள் என்பதற்கு இது சான்று.

எனவே சிற்றரசின் தன்னாட்சியை அளக்க அதன் உடன்படிக்கை மட்டும் போதாது. தன் குடிகளுக்கு அது என்ன உரிமை தந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பேரரசின் தலையீட்டுக்கும் இதே அளவுகோல்தான். ஒடுக்கப்பட்டவரின் உரிமைக்காக வந்த தலையீட்டுக்கு நியாயம் உண்டு. கப்பம் வாங்க வந்ததற்கு இல்லை. இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தபோது, முன்னதைக் காட்டிப் பின்னதை நியாயப்படுத்த முடியாது.