கேட்டு வாங்கு, தங்கையே!

பெப்சிகோ நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் 12 ஆண்டுகள் இருந்தவர் இந்திரா நூயி. 2006-இல் அவர் பதவியேற்றபோது அதன் ஆண்டு வருமானம் சுமார் 3,500 கோடி டாலர். 2018-இல் அவர் விலகும்போது அது 6,300 கோடியைத் தாண்டியிருந்தது. இப்படி வளர்த்துக் கொடுத்தவர் 2021-இல் ஒரு பேட்டியில் சொல்கிறார், சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள் என்று வாழ்நாளில் ஒருமுறைகூடக் கேட்டதில்லையாம். கேட்பதை நினைத்தாலே கூசுகிறதாம். நிதி நெருக்கடி வந்துபோன சமயத்தில் இயக்குநர் குழு தானாகவே உயர்த்திக் கொடுத்ததையும் வேண்டாம் என்றிருக்கிறார்.

படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் அந்தக் கூச்சம் எனக்கு நன்றாகத் தெரிந்த கூச்சம். எல்லாருக்கும் பரிமாறி முடித்து, சட்டியில் ஒட்டிக்கொண்டிருப்பதை வழித்துப் போட்டுக்கொண்டு, "எனக்கு இது போதும்" என்கிறார்களே நம் அம்மாக்கள், அதே கூச்சம். அவர் வளர்ந்த சென்னை தி. நகர் வீட்டில் கிளம்பி நியூயார்க் வரைக்கும் கூடவே போயிருக்கிறது.

அந்த தி. நகர் வீட்டைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். பெண்கள் கூடும் அறையில் பெரிய ஈட்டி மர ஊஞ்சல் ஒன்று கிடக்குமாம். அம்மாவும் அவருடைய சகோதரிகளும் அதில் உட்கார்ந்துதான் ஜாதகம் பார்ப்பதும் சம்பந்தம் பேசுவதும். குடும்பத்தின் பெரிய முடிவுகளில் பாதி அங்கேதான் எடுக்கப்பட்டிருக்கும். ஆகவே பெண்ணுக்கு அதிகாரம் செய்யத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதே. தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டுதான் இருக்கிறாள். பதவியும் கூலியும்தான் கிடைக்கவில்லை.

கல்லூரிக்குப் போக ஆசைப்பட்டும் போக முடியாத அவருடைய அம்மா, இரவுச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு மகள்களையும் பேச வைப்பார். நீ பிரதமரானால் என்ன செய்வாய், குடியரசுத் தலைவரானால்? நன்றாகப் பேசியவளுக்கு சாக்லேட் துண்டு. அதே அம்மாதான், பதினெட்டு வயதில் கல்யாணம் பண்ணி வைத்துவிடுவேன் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். சிரிப்பாக இருக்கிறதா? இன்று நாமும் அதைத்தான் செய்கிறோம். கோச்சிங்குக்கு லட்சக்கணக்கில் கட்டுகிறோம். மகளுக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்ததும், "மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்வாங்களோ" என்று இழுக்கிறோம்.

பால் வாங்கிய கதை எல்லாருக்கும் தெரியும். நிறுவனத்தின் தலைவர் பதவி உனக்குத்தான் என்ற சேதியோடு இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வருகிறார் இந்திரா. வந்ததுமே அம்மா, போய்ப் பால் வாங்கி வா என்கிறார். கணவர் எட்டு மணிக்கே வந்தாயிற்று. ஆனால் அவர் களைத்திருக்கிறாராம்! பாலை வாங்கி வந்து மேஜைமேல் ஓங்கி வைத்தவரிடம், கிரீடத்தை கார் ஷெட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்று அம்மா சொன்னதாக 2014-இல் ஒரு மேடையில் இந்திராவே பகிர்ந்துகொண்டார். இதைப் பணிவுக்கு உதாரணமாகச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறவர்கள் உண்டு. நான் கேட்பது ஒன்றுதான். அன்று மகன் அந்தச் சேதியோடு வந்திருந்தால் அவனைப் பால் வாங்க அனுப்பியிருப்பார்களா? வீட்டில் பாயசம் கொதித்திருக்கும்.

கிரீடத்தைக் கழற்றாதே, தங்கையே. பாலை யார் வேண்டுமானாலும் வாங்கி வரலாம்.

தைரியத்துக்குப் பாடம் வேண்டுமானால் அவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் படித்த நாட்களைப் பார். செலவுக்காக இரவெல்லாம் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தார். அந்தக் காசில் 50 டாலருக்கு ஒரு சூட் வாங்கி, அளவு பொருந்தாமல் தொளதொளவென்று நேர்முகத் தேர்வுக்குப் போய், பார்த்தவர்கள் திகைக்க, அழுதிருக்கிறார். கல்லூரியின் வேலைவாய்ப்பு ஆலோசகர், உனக்கு எது இயல்போ அதையே உடுத்திக்கொள் என்றார். அடுத்த தேர்வுக்குப் புடவையில் போனார். வேலை கிடைத்தது, அந்தக் கோடை முழுக்க அலுவலகத்துக்கும் புடவைதான்.

ஆனால் துணிச்சல் மட்டும் போதாது என்பதும் அவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது. மகள் பள்ளி விட்டு வந்ததும் அம்மாவின் அலுவலகத்துக்கு போன் போடுவாள், வீடியோ கேம் விளையாடலாமா என்று கேட்க. அம்மா மீட்டிங்கில் இருப்பார். வரவேற்பாளரே வீட்டுப்பாடம் முடிந்ததா, சாப்பிட்டாயா என்று விசாரித்து, அரை மணி நேரம் விளையாட அனுமதியும் கொடுத்துவிடுவார். உச்சியில் இருந்தவருக்கு இந்த வசதி இருந்தது. அம்பத்தூரில் ஷிஃப்ட் பார்க்கிறவளுக்கு யார் இருக்கிறார்கள்? பதவி விலகிய பிறகு இந்திரா விடாமல் பேசுவது இதைத்தான். சம்பளத்தோடு விடுப்பு, குழந்தைகள் காப்பகம், வசதியான வேலை நேரம் எல்லாம் பெண்களுக்குக் காட்டும் சலுகை அல்ல, நாட்டின் பொருளாதாரத்துக்கே தேவை என்கிறார்.

அவர் ஐஐஎம் கல்கத்தாவில் படிப்பை முடித்த அதே 1976-இல்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்ற சட்டம் நம் நாட்டில் வந்தது. 2017-இல் மகப்பேறு விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் கட்டாயமானது, தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம். உன் கம்பெனியில் காப்பகம் எங்கே இருக்கிறது? தெரியாதென்றால் நாளைக்கே எச்.ஆர். மேஜைக்குப் போய்க் கேள். தனியாகப் போகத் தயங்கினால் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போ. தொழிலுக்குக் கடன் கேட்டுப் போன வங்கியில் "வீட்டுக்காரர் வரலையா?" என்றால், "தொழில் என்னுடையது, கணக்கு வழக்கை என்கிட்ட கேளுங்க" என்று கோப்பைத் திறந்து வை. திமிர் பிடித்தவள் என்பார்கள். சொல்லட்டும், ஆண் கேட்டால் கெட்டிக்காரன் என்பதும் அதே வாய்தான்.

அப்ரைசல் வரப்போகிறதா? இந்த வருஷம் நீ முடித்துக் கொடுத்த வேலைகளை ஒரு தாளில் எழுது. அதன் கீழே உனக்கு வேண்டிய சம்பளத்தை எழுது. உன் மேலாளரின் முகத்தைப் பார்த்து அந்தத் தொகையைச் சொல். சொன்னதும் அறை ஒரு நிமிஷம் அமைதியாகும், உனக்கு நாக்கு துறுதுறுக்கும். "பரவாயில்லை சார், உங்களால முடிஞ்சதைப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிடாதே. அடுத்துப் பேச வேண்டியது அவர்.