சாட்சிக் கூண்டில் நின்றபோது



ஞாயிறு ஆராதனையில் "சாட்சி சொல்றவங்க வரலாம்" என்று பாஸ்டர் அழைத்தால், முதல் ஆளாய் மைக்கைப் பிடிப்பவன் நான். கோர்ட்டிலிருந்து சாட்சி சம்மன் வந்த அன்றோ நடுங்கிப்போனேன்.

சில வருஷங்களுக்கு முன்பு இரும்புலியூர் அருகே ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி மோதி ஒரு வாலிபன் மரித்தான். மோதிய சத்தம் கேட்டுத்தான் நான் திரும்பிப் பார்த்தேன். போலீஸிலும் அதையே சொன்னேன். "கோர்ட்டு, கேஸு, நமக்கு எதுக்கு வம்பு?" என்றார்கள் வீட்டில். ஆனால் லேவியராகமம் 5:1 என்னை விடவில்லை. கண்டதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொள்வதும் பாவம் என்று அங்கே பார்க்கிறோம்.

போவதென்று தீர்மானித்தேன். செங்கல்பட்டு ரயிலில் கூட வந்த ஒரு விசுவாசி, "பிரதர், லாரி கண்மண் தெரியாம வந்ததைப் பார்த்தேன்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்க. பாவம், அந்தம்மா விதவை" என்றார். என் மனம் உருகிற்று. நல்ல காரியத்துக்காக ஒரு வார்த்தை கூட்டினால் தப்பா?

நாபோத்தைக் கொன்றது கல் மட்டுமல்ல, இரண்டு பேரின் வாய்ச்சொல் (1 இராஜாக்கள் 21). அந்த லாரி டிரைவருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டே!

1969-ம் வருஷத்துச் சட்டப்படி, கடவுள் பேரில் சத்தியம் பண்ண மனமில்லாதவர் உறுதிமொழி கூறலாம். மத்தேயு 5:34-ஐ நினைத்து நான் அப்படியே செய்தேன். இரண்டிலும் பொருள் ஒன்றுதான்: உண்மையை முழுவதும் சொல்லவேண்டும், உண்மையைத் தவிர ஒன்றும் சொல்லக்கூடாது.

"லாரி வந்த வேகத்தைப் பார்த்தீங்களா?"

"இல்லைங்க. சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்."

இறங்கி வந்தபோது அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தப் பாரம் இன்றும் உண்டு. ஆனாலும் நான் காணாததைக் கொடுக்க எனக்கு உரிமையில்லை.

இரக்கத்தால் கூட்டுவது ஒரு சோதனை என்றால், பயத்தால் மறைப்பது இன்னொன்று. 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளம் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்ட வியாபாரி ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் சில நாட்களுக்குள் மரித்தார்கள். அந்த இரவு பணியிலிருந்த தலைமைக் காவலர் ரேவதி, தான் கண்டதை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். பயந்து பயந்துதான் கையெழுத்துப் போட்டார், ஆனாலும் போட்டார். பயம் வருவது பாவமல்ல. பயத்துக்கு வாயை விற்பதுதான் பாவம்.

பேதுருவும் யோவானும் ஆலோசனைச் சங்கத்தின் முன்பு விசாரணைக்கு நின்றபோதும், தாங்கள் கண்டதையும் கேட்டதையுமே சாட்சியாகச் சொன்னார்கள் (அப்போஸ்தலர் 4:20). சபைக்கு ஒரு சாட்சி, கோர்ட்டுக்கு ஒரு சாட்சி என்று அவர்களுக்கு இருக்கவில்லை.

பிரியமானவர்களே, நாம் எப்படி? சாதாரண காய்ச்சல் குணமானதை, "டாக்டர்களே கைவிட்டாங்க" என்று மைக்கில் சொல்வதில்லையா? அங்கே குறுக்கு விசாரணை செய்ய வக்கீல் இல்லை. அதனால்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும். கர்த்தருடைய மகிமைக்கு நம்முடைய பொய் தேவையில்லை.

உண்மையுள்ள சாட்சியாகிய இயேசு தாமே, கூட்டாமலும் குறைக்காமலும் பேசுகிற நாவை நமக்குத் தருவாராக. ஆமென்.