நஜீஸைக் கழுவுங்கள், பூனையை விரட்டாதீர்கள்!

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலித்து வரும் அல்லாஹ்வுக்கே உரியன. அகிலத்தாருக்கெல்லாம் ரஹ்மத்தாக வந்துதித்த நம் உயிரினும் மேலான நாயகம் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



நம் வீடுகளில் பூனை வளர்ப்பது புதிதன்று. முன்பு கொல்லையும் தோட்டமும் இருந்தன. பூனை தன் தேவைக்கு வெளியே போய் மண்ணைத் தோண்டி, காரியம் முடிந்ததும் மூடிவிட்டு வந்துவிடும். இன்று பலர் அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கிறார்கள். அங்கே ஒரு தட்டில் மணலைக் கொட்டி மூலையில் வைக்கிறோம். பூனையும் அதற்குப் பழகிவிடுகிறது. ஆனால் பழகிய பூனை திடீரென ஒரு நாள் அந்தத் தட்டை விட்டுவிட்டுக் கட்டில் விரிப்பிலோ, துணி மூட்டையிலோ, நாம் சுஜூது செய்யும் முஸல்லாவிலோ மூத்திரம் பெய்துவிடுகிறது. மறுநாளும் அதையே செய்கிறது.

வீடு அமர்க்களப்படுகிறது. “தொழுகிற வீட்டில் இந்த நஜீஸா? சாக்கில் போட்டுக் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வாங்க!” என்கிறார் ஒருவர். “வாயில்லா ஜீவன்தானே, போகட்டும்” என்று ஈரத்தின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டுப் போகிறார் இன்னொருவர். நம் மார்க்கம் இந்த இருவரையுமே எச்சரிக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள்

ஒரு பெண் பூனையொன்றை அடைத்து வைத்தாள். அதற்குத் தீனியும் போடவில்லை. தானே இரை தேடித் தின்னும்படி விடவுமில்லை. அது செத்துப் போயிற்று. அதன் காரணமாக அவள் நரகத்துக்குரியவளானாள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததை ஸஹீஹ் புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம்.

இன்னொரு முறை இரண்டு கப்ருகளைக் கடந்து சென்றபோது, அவற்றில் இருப்பவர்கள் வேதனை செய்யப்படுகிறார்கள் என்றும், அவர்களில் ஒருவர் மூத்திரத்தின் விஷயத்தில் பேணுதலில்லாமல் இருந்தவர் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக ஹளரத் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

பூனையால் அழிந்தவள் ஒருத்தி. மூத்திரத்தால் வேதனைப்பட்டவர் ஒருவர். முஸல்லாவைப் பூனை நனைத்த வீட்டில் இந்த இரண்டு எச்சரிக்கைகளும் ஒரே நேரத்தில் நம் முன்னே நிற்கின்றன. நஜீஸை அலட்சியம் செய்யவும் கூடாது. அந்த ஜீவனை நாசம் செய்யவும் கூடாது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரே இந்தச் சோதனையில் தப்புவார்.

மூத்திரம் வேறு, பூனை வேறு

கப்ஷா (ரலி) என்ற அம்மையார் தம் மாமனார் ஹளரத் அபூ கதாதா (ரலி) அவர்களுக்கு ஒளுச் செய்யத் தண்ணீர் எடுத்து வைத்தார்கள். பூனையொன்று வந்து அதில் வாய் வைத்தது. மாமனாரோ அதை விரட்டாமல், குடிக்க வசதியாகப் பாத்திரத்தையே சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் வியப்போடு பார்த்தபோது, பூனை நஜீஸ் அல்ல என்றும், அது உங்களைச் சுற்றிச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பதை எடுத்துரைத்தார்கள். திர்மிதீ, அபூதாவூத் முதலிய கிரந்தங்களில் இது பதிவாகியுள்ளது.

ஆக, பூனை நடந்த பாயில் தாராளமாகத் தொழலாம். ‘எங்கேனும் பெய்திருக்குமோ’ என்ற வெறும் சந்தேகத்தால் எந்த இடமும் நஜீஸாகி விடாது. உறுதியானதைச் சந்தேகம் நீக்காது என்பது பிக்ஹின் அடிப்படை விதி. ஆனால் அதன் மூத்திரம் நஜீஸ்தான். கண்ணால் கண்டபின், அல்லது வாடையால் உறுதியானபின், கழுவாமல் அங்கே தொழக்கூடாது.

கழுவும் முறை

முதலில் பழந்துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட வேண்டும். பிறகு ஷாபிஈ மத்ஹபின்படி, நஜீஸின் நிறமும் வாடையும் சுவையும் போகும்வரை அதன் மீது தண்ணீரை ஊற்றிக் கழுவ வேண்டும். துணியை வாளியிலிருக்கும் கொஞ்சத் தண்ணீரில் முக்கினால் வாளித் தண்ணீர் முழுதும் நஜீஸாகிவிடும். ஆகவே துணி மீது தண்ணீரை ஊற்றுவதே முறை. சலவை இயந்திரத்தில் போடுவதற்கு முன்பும் இப்படிச் சுத்தம் செய்துகொள்வது பேணுதல். ஹனபி மத்ஹபில் துணியை மூன்று முறை கழுவி, ஒவ்வொரு முறையும் பிழிய வேண்டும். பிழிய முடியாத கனமான விரிப்பானால் ஒவ்வொரு முறையும் தண்ணீர் சொட்டுவது நிற்கும்வரை விட்டுவைக்க வேண்டும். தரை காய்ந்து அடையாளமும் வாடையும் அற்றுப் போனால் ஹனபிகள் அங்கே தொழலாம். ஷாபிஈகளுக்குக் காய்ந்தால் மட்டும் போதாது, தண்ணீர் ஊற்றியாக வேண்டும்.

இங்கே தாய்மார்கள் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். வாடை போக வேண்டுமென்று பினாயிலை ஊற்றுவது நம் வழக்கம். பினாயில் வகைகள் பூனைக்கு நஞ்சு. கால்களில் பட்டதை அது நக்கினால் உடலுக்குக் கேடு. வாடை முற்றிலும் போகாவிட்டால் பூனை மறுபடியும் அந்த இடத்தையே தேடி வரும். என்சைம் கலந்த சலவைத்தூள் கரைசலை ஊற்றிச் சற்று ஊறவிட்டு, பின் நல்ல தண்ணீரால் கழுவினால் மார்க்கச் சுத்தமும் கிடைக்கும். பூனைக்குப் பழைய வாடையும் எட்டாது.

பள்ளிவாசலில் நடந்த பாடம்

கிராமத்து அரபி ஒருவர் மஸ்ஜிதுன்னபவியிலேயே மூத்திரம் பெய்துவிட்டார். தோழர்கள் பதறி எழுந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களோ, அவரை இடைமறிக்க வேண்டாமென்று தடுத்து, அவர் முடித்தபின் ஒரு வாளித் தண்ணீரை அங்கே ஊற்றச் சொன்னார்கள். நீங்கள் இலேசாக்கவே அனுப்பப்பட்டவர்கள், கஷ்டப்படுத்த அல்ல என்றும் அறிவுறுத்தினார்கள். பாதியில் விரட்டியிருந்தால் அவருக்கு உடல் உபாதை ஏற்பட்டிருக்கும். ஓரிடத்து நஜீஸ் பல இடங்களுக்கும் பரவியிருக்கும் என்று இமாம்கள் விளக்கம் தருகிறார்கள்.

அறிவுள்ள மனிதருக்கே இந்த நளினம் என்றால், பள்ளிவாசலின் கண்ணியமும் முஸல்லாவின் கண்ணியமும் அறியாத ஜீவனுக்கு எவ்வளவு வேண்டும்! துடைப்பத்தை எடுத்துக்கொண்டு துரத்தினால் அது வீடெங்கும் சொட்டிக்கொண்டே ஓடும். அடிப்பதும், அதன் மூக்கை ஈரத்தில் வைத்துத் தேய்ப்பதும் சிலருடைய வழக்கம். அதனால் பூனை எதையும் கற்றுக்கொள்வதில்லை. நம்மைக் கண்டு அஞ்சக் கற்றுக்கொள்கிறது. அச்சம் மிகுந்தால் வியாதியும் மிகுகிறது.

அது செய்யும் முறையீடு

அன்ஸாரி ஒருவரின் தோட்டத்தில் நாயகம் (ஸல்) அவர்களைக் கண்டதும் ஒட்டகமொன்று கண்ணீர் வடித்தது. அதைத் தடவி அமைதிப்படுத்திய நாயகம் (ஸல்) அவர்கள் உடைமைக்காரரை அழைத்து, நீர் இதைப் பட்டினி போட்டு வதைப்பதாக இது என்னிடம் முறையிடுகிறது, அல்லாஹ்வை அஞ்ச வேண்டாமா என்று கண்டித்தார்கள் (அபூதாவூத்). ஒட்டகத்தின் மொழி நமக்குத் தெரியாது. பூனையின் மொழியும் தெரியாது. ஆனால் தட்டை விட்டு வெளியே பெய்வது அது நம்மிடம் செய்யும் முறையீடு என்பதை மட்டும் தெரிந்துகொள்ளலாம். சிலர் இதை ஷைத்தானின் வேலை என்றும் வீட்டுக்குத் துர்க்குறி என்றும் பேசுகிறார்கள். சகுனம் பார்ப்பது நம் மார்க்கத்தில் இல்லை.

முதல் முறையீடு நோயாக இருக்கலாம். பூனை அடிக்கடி தட்டுக்குப் போய் முக்குகிறதா? சொட்டுச் சொட்டாக வருகிறதா? இரத்தம் தென்படுகிறதா? கத்துகிறதா? உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். முக்கியமாக ஆண் பூனைக்கு மூத்திரம் அறவே வராமல் அடைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாட்களில் உயிரே போய்விடும். அன்றைய தினமே கொண்டுபோக வேண்டும். அரசு கால்நடை மருந்தகங்கள் பல ஊர்களில் இருக்கின்றன; சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியோடு மருத்துவமனையும் இருக்கிறது. வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்து விடாதீர்கள். அது பூனையைக் கொன்றுவிடும். மூத்திரம் பெய்யும்போது வலிக்கிற பூனை மணலை வெறுத்து மெத்தென்ற துணியைத் தேடும். நம் முஸல்லா நனைவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது முறையீடு மனக்கலக்கம். கல்யாணத்துக்கு வீடு நிறைய விருந்தாளிகள், புதுக் குழந்தையின் அழுகை, வீடு மாற்றம், வெள்ளையடிப்பு, தெருவில் வெடிச் சத்தம், புதிதாகக் கொண்டுவந்த இன்னொரு பூனை, சன்னலுக்கு வெளியே வந்து உட்காரும் அந்நியக் கடுவன். இவை நமக்குச் சாதாரணம். பூனைக்கோ உலகமே புரண்டது போலாகும். இந்தக் கலக்கத்தால் மூத்திரப்பையில் கிருமியே இல்லாமலும் புண்ணும் வலியும் உண்டாவதுண்டு என்று கால்நடை மருத்துவர்கள் கூறுகிறார்கள்.

ஒரு சிட்டுப் பறவையின் குஞ்சுகளைத் தோழர்கள் எடுத்துவிட்டபோது, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், இதைத் தவிக்க விட்டது யார், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுங்கள் என்று பணித்தார்கள். தவிப்பு இருக்கிறதென்றால் அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. அந்தக் காரணத்தை நீக்குவதே சுன்னத்தான வைத்தியம்.

செய்ய வேண்டியவை

மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். வாரம் ஒருமுறை சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவுங்கள். அசுத்தமான கழிவறைக்குள் போக நமக்கே மனம் வராதே! தட்டு, பூனையின் உடல் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு இருக்கட்டும். வாசனை சேர்க்காத மணல் இரண்டு விரற்கடை ஆழம் போதும். இரண்டு பூனைகள் இருந்தால் மூன்று தட்டுகள் வையுங்கள். மூன்றையும் ஒரே மூலையில் அடுக்காதீர்கள். தீனித் தட்டின் அருகிலும், சலவை இயந்திரத்தின் இரைச்சலுக்கு அருகிலும் வேண்டாம்.

விருந்தாளிகள் வந்தால் பூனைக்கு ஓர் அறையோ, பழைய துணி விரித்த அட்டைப்பெட்டியோ ஒதுங்குமிடமாக இருக்கட்டும். தீனி நேரத்தை மாற்றாதீர்கள். தினமும் பத்து நிமிடமாவது பிள்ளைகள் அதனுடன் அன்பாக விளையாடட்டும். ஹளரத் அபூஹுரைரா (ரலி) அவர்கள் ஆடு மேய்த்த காலத்தில் ஒரு பூனைக்குட்டியைப் பகலில் உடன் கொண்டுபோய் விளையாடியதால்தான் அப்பெயர் பெற்றார்கள். தொழுது முடிந்ததும் முஸல்லாவை மடித்து அலமாரியில் வைத்துவிடுங்கள். பாதிச் சங்கடம் அதனாலேயே தீரும்.

வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் மணல் தட்டை மற்றவர்கள் தினமும் சுத்தம் செய்யட்டும். பூனையின் மலத்தின் வழியாகப் பரவும் ஒரு நோய் வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக் கூடும். இந்தக் கவனம் போதும்; பூனையை விரட்ட வேண்டியதில்லை.

நின்றபடி வாலை நடுக்கிச் சுவரில் பீய்ச்சுகிற கடுவன், தன் எல்லையை அடையாளமிடுகிறது. விதையடித்தால் இது பெரும்பாலும் குறையும் என்கிறார்கள் மருத்துவர்கள். தொல்லை நீங்குவதற்காக அப்படிச் செய்வதை ஹனபி நூல்கள் அனுமதிக்கின்றன. ஷாபிஈ மத்ஹபிலோ உண்ணத்தகாத பிராணிகளுக்குத் தடை சொல்லப்பட்டிருக்கிறது. எனவே அவரவர் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்க.

எங்கே கொண்டுபோய் விடுகிறீர்கள்?

கடைசியாக ஒன்று. வீட்டில் பிறந்து, தட்டில் வைத்த சோற்றையே தின்று வளர்ந்த பூனையைச் சாக்கில் கட்டி எங்கோ விட்டுவிட்டு, ‘தேடித் தின்று பிழைத்துக்கொள்ளும்’ என்று மனதைத் தேற்றிக்கொள்கிறோம். அதற்கு இரை தேடத் தெரியாது. நாய்களிடமிருந்து தப்பவும் தெரியாது. நோயோடு விடப்பட்டதென்றால் கேட்கவே வேண்டாம். அடைத்து வைத்துக் கொன்ற பெண்ணுக்கும், திறந்த வெளியில் சாக விட்டவருக்கும் எவ்வளவு தூரம்? ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுப் பார்க்கட்டும்.

சிலர் பள்ளிவாசல் ஹவுளருகிலும் தர்கா வாசலிலும் விட்டுவிட்டு வருகிறார்கள். தம் வீட்டு முஸல்லாவைக் காப்பாற்றுவதற்காக அல்லாஹ்வின் வீட்டு விரிப்புகளை நனைய விடுவது எந்த நியாயம்? வளர்க்க உண்மையிலேயே இயலாதவர் அதன் குறையைச் சொல்லி, மனமொப்பிப் பேணுகிற இன்னொரு வீட்டாரிடம் ஒப்படைக்கலாம். அதில் குற்றமில்லை.

தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்குக் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்தவரின் பாவங்களை அல்லாஹ் மன்னித்தான். ஈரமுள்ள ஒவ்வோர் உயிருக்குச் செய்யும் உபகாரத்திலும் கூலி உண்டு என்பது நாயகம் (ஸல்) அவர்கள் தந்த நன்மாராயம். பஜ்ருக்கு எழுந்து முஸல்லா நனைந்திருக்கக் காணும்போது முதலில் தண்ணீரை எடுங்கள். பிறகு அந்த ஜீவனைப் பாருங்கள். தண்ணீர் உங்கள் தொழுகையைக் காக்கும். இரக்கம் உங்கள் ஆகிரத்தைக் காக்கும்.

வல்ல அல்லாஹ் நம் உடலையும் உடையையும் இருப்பிடத்தையும் அசுத்தங்களிலிருந்து சுத்தப்படுத்துவானாக! நம் உள்ளங்களைக் கடினத்திலிருந்து சுத்தப்படுத்துவானாக! நம் பொறுப்பில் அவன் விட்ட வாயில்லா ஜீவன்கள் நாளை மறுமையில் நமக்கு எதிராக முறையிடாமல் நம்மைப் பாதுகாப்பானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!